ஒரே ஒரு மேடுதான், மாப்ள

அன்பு மாப்ள தனசேகரா,

செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகையில் பழகியவன் நான். இன்றைக்கு மட்டும் உன்னைக் கொஞ்சம் காக்க வைக்கிறேன். நேற்று சென்னையிலிருந்து திரும்பும்போது இருப்புக் கொள்ளாமல், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடமே இதைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். பாதியில் அவர் தூங்கிவிட்டார். பிளாஸ்டிக் விஷயம், உன்னைத் தவிர யார் முழுசாகக் கேட்பார்கள்?

உன்னைக் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த அடுத்த மாதமே மல்லிகா பட்டறையைத் திறந்துவிட்டாள். அண்ணன்காரன் நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ரெட்டியார்பாளையத்தில் உன் இயந்திரம் இப்போதும் வயல்களுக்குக் கறுப்புக் குழாய் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளூர் பிளாஸ்டிக் குருணையில் தரம் இல்லை என்று, இந்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் குருணை வரவழைத்தாள். பழைய பாலித்தீனை உருக்கி மணிமணியாக வெட்டியது, நீலமும் கறுப்பும் கலந்தது. கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டாள். நீ துணிந்திருப்பாயா?

சென்னையில் சுங்க அதிகாரி சரக்கை நிறுத்திவிட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பழைய பிளாஸ்டிக்கே ஆனாலும், ஒரே வகையை உருக்கிக் குருணையாக்கியிருந்தால் வரி அட்டவணையில் அது பாலித்தீன். தீர்வையைக் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். இரண்டு வகை கலந்திருந்தால் அது கழிவு. கழிவுக்குத் தனி அனுமதி வேண்டும். நம்மிடம் ஏது? கழிவு என்று எழுதிவிட்டால் சரக்கு கடல் தாண்டித் திரும்பிப் போகும், பட்டறைக்குப் பூட்டு.

"ரெண்டு கலர் இருக்கேம்மா, ரெண்டு வகைதானே?" என்றார் அதிகாரி.

"கலரு சாயம் சார். சேலையில ரெண்டு கலரு இருந்தா நூலு ரெண்டாயிடுமா?" என்றாள் உன் மனைவி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். உன் பரிசோதனைதான்: கொளுத்து, ஊதி அணை, மோந்து பார், மெழுகுவத்தி வாசம் வந்தால் பாலித்தீன். துறைமுகக் கிடங்குக்குள், மாப்ள! குச்சியை உரசுவதற்குள் நாலு பேர் ஓடி வந்தார்கள். "தீப்பெட்டிய உள்ள வைங்கம்மா, லேப்ல மெஷின் இருக்கு" என்று அதிகாரி கெஞ்சாத குறை.

மாதிரி எடுக்கப் பை கேட்டார்கள். மல்லிகா மடித்துக் கொண்டுபோயிருந்த தடித்த பைகளை நீட்டினாள். யார் பைகள் என்று நினைக்கிறாய்? பட்டறைக்குள் வந்த எந்தப் பையையும் நீ எறிய விட்டதில்லையே. உதறு, மடி, அடுக்கு. நீ போன பிறகும் அங்கே அதுதான் சட்டம்.

ஆய்வகத்தில் குருணையை மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள். உருகும் இடத்தில் திரையில் ஓடும் கோடு ஒரு மேடாக எழும். ஒவ்வொரு வகையும் உருகும் சூடு வேறு; ஒரு வகை என்றால் ஒரு மேடு. நமக்கு இரண்டு மேடு வந்தது. இரண்டாவது பாலிப்ரொப்பிலீன், நாற்காலி வார்க்கிற ரகம். அறிக்கையோடு லாஸ்பேட்டை வீடு வந்து சேர்ந்தோம். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றே நானும் முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அண்ணா, இங்க வா."

அதே அடுக்கில் மீந்த ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்பக்கம் மூலையில் இரண்டு கறுப்பு மணிகள். உதறினாள்; விழவில்லை. தட்டினாள், இடம் மாறி ஒட்டிக்கொண்டன. காய்ந்த பிளாஸ்டிக் பையை உதற உதற மின்னேறி, மணி இன்னும் இறுக்கமாகத்தான் பிடித்துக்கொள்ளும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அந்த மணிகள் எது என்று தெரிகிறதா? ஸ்டூல் வார்க்கப் போகிறேன் என்று ஒரு காலத்தில் வாங்கி, ஒரு ஸ்டூலும் நேராக நிற்காமல் மூட்டை கட்டினாயே, அதே குருணை!

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினோம். அதிகாரி நம்ப முடியாமல் கேட்டார். "நீங்க கொண்டாந்த பையிலதான் தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?"

"ஆமா சார். எங்க வீட்டுக்காரரு பை. போயும் விடமாட்டேங்கறாரு."

அவர் குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கத்தான். அந்தப் பையைத் தானும் உதறிப் பார்த்தார், தோற்றார். பிறகு, புதுப் பைகளில் வேறு வேறு மூட்டைகளிலிருந்து மறுபடி மாதிரி எடுக்கச் சொல்லி எழுதினார்.

நேற்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நீலத்துக்கும் ஒரு மேடு, கறுப்புக்கும் அதே இடத்தில் அதே மேடு. ஒரே ஒரு மேடுதான், மாப்ள! கழிவு இல்லை, பாலித்தீன். ஆட்சி கவிழ்ந்த நாட்களில்கூட நிதானமாகக் குறிப்பெடுத்தவன், நேற்று பேனா மூடியைக் கழற்றாமலே எழுதப் பார்த்தேன். மல்லிகா மட்டும் நிதானமாக, "தீப்பெட்டியும் இதத்தான் சார் சொல்லியிருக்கும்" என்றாள்.

இதை எழுதும்போது லாரி வந்துகொண்டிருக்கிறது. நீ அடுக்கிவைத்த பைகளையெல்லாம் இன்று காலை மல்லிகா உருக்கப் போட்டுவிட்டாள். அந்த ஒரு பையை மட்டும் பீரோவில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "உதறினாலும் போவலியே" என்றாள்.

இனி மாதிரிக்குப் புதுப் பைதான். அது என் பொறுப்பு. புதுக் குருணையில் முதல் குழாய் ஓடியதும் நுனியில் ஒரு துண்டு வெட்டி, பட்டறைக்கு வெளியே தெருவில் நின்று, மல்லிகாவின் தீப்பெட்டியால் கொளுத்தி, ஊதி அணைத்து, உனக்காக மோந்து பார்ப்பேன். திரை என்ன சொன்னாலும் அதற்குப் பிறகுதான் நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு,
பிறகு என்றென்றைக்கும் உன் மச்சான்