நீங்கள் உங்கள் பேச்சில், நான் என் பேச்சில்

அக்கா,

இன்று காலை உங்கள் மகள் ஒரு டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள். மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் பேரீச்சம்பழமும் சேர்ந்த அந்த வாசனை. உங்கள் வீட்டுக் கிலேச்சா பிஸ்கட்! "நானே சுட்டேன், ஆன்ட்டி" என்றாள். அடி நன்றாகத் தீய்ந்திருந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சான் ஹோசேயில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நீங்கள் ஈராக்கின் வடக்கே ஒரு மலைக் கிராமத்துக்காரர் என்று தெரிந்ததும், "அப்போ அரபி பேசுவீங்களா?" என்று பெரிய அறிவாளி மாதிரி கேட்டேன். அடேயப்பா, என்ன கோபம் வந்தது உங்களுக்கு! உங்களுடையது ஏசு பேசிய அரமேயத்தின் வழிவந்த பேச்சு. அரபிக்கும் எபிரேயத்துக்கும் பங்காளி. அதிலும் உங்கள் ஊருக்கென்று தனிப் பேச்சு உண்டு. அந்த ஊரே காலியாகி, ஆளுக்கொரு தேசமாகப் போய்விட்டார்கள். உங்களுக்கு மிஞ்சியது சிகாகோவில் இருந்த தங்கை ஒருத்திதான். தினமும் போனில் அவரோடு பேசுகிற சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும்.

தங்கை இறந்துபோன பிறகு அந்தச் சத்தம் நின்றது. நாம் வழக்கமாக நடக்கிற பார்க்கில் நீங்கள் வாயே திறக்காமல் நடந்தீர்கள். கடைசியில், நமக்குள் இருந்த அரைகுறை ஆங்கிலத்தில், "இனி என் வாய்க்கு வேலை இல்லை. மகளுக்கு நான் திட்டினால் மட்டும்தான் புரியும்" என்றீர்கள்.

எனக்குத் தாங்கவில்லை. "அதென்ன பேச்சுங்க்கா? எங்கிட்டப் பேசுங்க."

"உனக்கு ஒண்ணும் புரியாதே?"

"புரியாட்டி என்னங்க? நான் பேசறதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குப் புரியுதாக்கும்?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. நீங்கள் உங்கள் பேச்சில், நான் தமிழில். நான் மாமியார் கதை சொல்வேன். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் மகனைப் பற்றிப் புலம்புவேன். நீங்கள் என்ன சொன்னீர்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். நடுநடுவே நான் "ஆமாங்க்கா, அப்புறம்?" என்பேன். மறந்துவிட்டால் நின்று முறைப்பீர்கள். காதில் விழுந்து விழுந்து சில சொற்கள் ஒட்டிக்கொண்டன. மியா என்றால் தண்ணீர். காத்தி என்றால் என் சகோதரி. என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

பக்கவாதம் வந்தபோது உங்கள் ஆங்கிலம் மொத்தமும் போய்விட்டது. ஊர் ஈராக் என்று பார்த்து, ஆஸ்பத்திரியில் வீடியோவில் ஓர் அரபி மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அந்த நிலைமையிலும் உங்களுக்கு அதே கோபம்! சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "அம்மா காலையிலிருந்து என்னவோ கேட்டுக்கிட்டே இருக்காங்க ஆன்ட்டி. எனக்குப் புரியல. ப்ளீஸ், வாங்க" என்று மகள் போனில் அழுதாள்.

என்னைக் கண்டதும் "காத்தி" என்றீர்கள். அடுத்த சொல் மியா. நர்ஸிடம் கேட்டு ஸ்பூனால் கொடுத்தோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினீர்களே, பேச்சா அது! குழறிக் குழறி, நிறுத்தாமல், பார்க்கில் நடப்பதுபோல. "ஆமாங்க்கா, அப்புறம்?" என்று நானும் விடாமல் கேட்டேன். அப்படியே தூங்கிப்போனீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கண் திறக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று மகள் கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தண்ணி கேட்டாங்க. மத்தது எனக்கும் தெரியாது, கண்ணு" என்றேன். அந்தக் குழந்தையின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை, அக்கா.

அதனால்தான் இன்று, தீய்ந்த அடியைச் சுரண்டிவிட்டு ஒன்றைக் கடித்தபடி, "இதைப் பார்த்தா உங்கம்மா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். உங்கள் பேச்சில்! அதே குரல், கடைசியில் அதே இழுப்பு. மூச்சு வாங்கி நிறுத்தியவள், "அவ்வளவுதான் ஆன்ட்டி, எனக்குத் தெரிஞ்சது" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

பழக்கதோஷம், அக்கா. என் வாயில் தானாக வந்தது:

"ஆமாங்க்கா, அப்புறம்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து திட்டத் தொடங்கினாள்.