மூன்று கண் வைத்த பாலம்

மழையில் வேறொரு ரோட்டில் மாட்டிக்கொண்ட லாரி இன்று காலையில்தான் என் குடோனுக்கு வந்து சேர்ந்தது. தார்ப்பாயை விலக்கியதும் நனைந்த தீப்பெட்டி பண்டலின் மருந்து வாடை. உடனே உம் ஞாபகம். எதிரெதிரே குடோன் போட்டு ஒரே தொழில் செய்தோம். உம் பக்கம் இந்த வாடை அடித்ததே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகும் என் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்கிறீரே.

இந்தக் கரிசக்காட்டில் மழை பெய்யக் கூடாது என்று சாமி கும்பிடுகிறவர்கள் தீப்பெட்டிக்காரர்கள் மட்டும்தான். அதையும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி காதில் விழாமல் கும்பிடுவோம். தொண்ணூறுகளில் கடம்பூர் ரோட்டை மண்ணடித்து உயர்த்த வந்தவர்கள், ஓடைக்கு ஒரு சிமெண்ட் குழாய் போதும் என்றார்கள். நாம் தீக்குச்சி காயப்போடுகிற ஓடைதானே, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கூட்டத்தில் நீர் எழுந்து, தண்ணீர் போக மூன்று கண் வைத்துப் பாலமே வேண்டும் என்றீர்.

"மழை வேண்டாம்னு நாம நேந்துக்கிட்டா, ஓடை திரும்பிப் போயிருமா வே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டீர். கூட்டம் சிரித்தது.

பாலத்துக்காகக் குடோன் முன்னால் இருந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்தீர். பிழைக்கத் தெரியாத மனுசன் என்று கடைக்குக் கடை சொன்னேன். அடுத்த ஐப்பசியில் கரிசல் ஊறி, குழாய் பதித்த மற்ற ரோடெல்லாம் கூழானது. உம் பாலம் மட்டும் வெள்ளத்தை வாங்கிக் கடத்திவிட்டது. எல்லார் லாரியும் அதன் மேல்தான் போயிற்று, என்னுடையதும். நீர் ஓரத்தில் நின்று சிரித்தீர். அந்தச் சிரிப்புக்குச் சரக்கு நனைந்தே போயிருக்கலாம் என்று இருந்தது.

அன்றிலிருந்து அது உம் பேரில் 'அண்ணாச்சி பாலம்'. இந்த ஊரில் எத்தனை அண்ணாச்சி! நானும் அண்ணாச்சிதான்.

நீர் போன பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். மழைதான் குறைந்துவிட்டதே, பாலத்தை எடுத்துவிட்டுக் குழாய் பதிக்கலாம் என்று பேச்சு. நான் விடவில்லை. மழை குறைந்தாலும், வருகிற மழை ஒரு பருவத்துத் தண்ணீரை ஒரே பொழுதில் கொட்டுகிறது. மூன்று கண்ணே பத்தாது, ஐந்து வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ஊர் நன்மைக்கு என்று மனுவில் எழுதினேன். உம்மிடம் அப்படிச் சொல்ல முடியுமா? உம் மூன்று போய் என் ஐந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிலமும் கொடுத்தேன், உம்மைவிடக் கூடுதலாக.

ஐந்து கண்ணும் வந்தது. முதல் பஸ் வந்தபோது அங்கே போய் நின்றேன். கண்டக்டர் விசிலடித்து, "அண்ணாச்சி பாலம் எறங்குங்க" என்றான். இறங்கிய சம்சாரி ஒருவர் ஐந்து கண்ணையும் குனிந்து பார்த்துவிட்டு என்னிடமே சொன்னார்: "அவிய இருந்து பாத்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாவ."

ஆமா என்றேன்.