கடைசிப் பக்க விளம்பரம்

மார்ச் 4
கீழே சலவைக்கடை இயந்திரம் ஓடினால் என் மேசையும் நடுங்கும். அந்த நடுக்கத்தோடுதான் தினமும் ஊர்ப் பத்திரிகைகளைத் திரையில் படிக்கிறேன். முதல் பக்கம் முழுக்கப் பொய். கடைசிப் பக்கத்தில்தான் செய்தி: 'இன்னாருக்கும் எங்களுக்கும் இனி எந்த உறவும் இல்லை.' எங்களைப் போல நாட்டைவிட்டு வந்து எழுதுகிறவர்களின் வீட்டாரை அரசு மிரட்டி வாங்கும் விளம்பரம். ஒவ்வொன்றையும் செய்தியாக்குவது என் வேலை.
"மணமகன் தேவையும் அதே பக்கம்தான், ஒரு கண்ணு வச்சுக்க" என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். சிரித்தேன்.

மார்ச் 9
தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுதிய சிறைக் கட்டுரைக்காக.

மார்ச் 12
பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அம்மா. விளம்பரம் கொடுத்தால் அவனை விட்டுவிடுவார்களாம்.
"உங்கப்பா பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒரு வரி வரல."
"நானே எழுதி அனுப்புறேன்."
"உனக்கென்ன பைத்தியமாடி?"
"எனக்குத்தானேம்மா பழக்கம்."
மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

எத்தனை படித்திருக்கிறேன் — கை தானாக ஓடியது. அதுதான் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து நான் எழுதிய எதையும் அப்பா அப்படியே விட்டதில்லை. "இது உறுத்துதே" என்று ஒரு சொல்லையாவது அடிப்பார். அவர் அடிப்பதற்கென்றே ஒன்று வைத்தேன்: 'எங்களைப் பொறுத்தவரை அவள் செத்துவிட்டாள்.'

மார்ச் 15
விளம்பரம் இன்றும் வரவில்லை. ஆசிரியரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார். அது வேண்டாம்.

மார்ச் 17
வந்துவிட்டது. இடது மூலை. என் வரிகள் அப்படியே. அந்த வரியும்.

அடிக்க மனசு வரலையா, இல்ல அடிக்கத் தோணலையா? படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பாரோ?

மாலை அம்மா கூப்பிட்டாள்.
"வந்துட்டான். சாப்பிடுறான். இனிமே பேச வேணாம், கண்ணு."
"அப்பா?"
"வெளிய போயிருக்காரு."
பின்னால் அப்பா இருமினார்.

மார்ச் 18
ஆசிரியர் பார்த்துவிட்டார்.
"இதை மட்டும் விட்டுருவோம்மா."
"எல்லாருக்கும் போட்டோமே, சார்."
மூன்று வரிச் செய்தி எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.
"சரியா இருக்கு. அப்படியே போகட்டும்."
"ஒரு சொல்லாவது மாத்துங்க, சார்" என்றேன்.