மார்பில் குத்திய பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிட்டேன். கால் நகமொன்று கறுத்திருக்கிறது, வலியில்லை. சந்தோஷமும் பெரிதாக வரவில்லை.

பனியனில் குத்திய அட்டையில் பெயர் அச்சடித்திருந்தார்கள். வேலை செய்யும் கிடங்கில் எல்லோருக்கும் நான் பதினேழாம் நம்பர்தான். முப்பதாவது கிலோமீட்டரில் வேடிக்கை பார்த்த ஒரு பெண்மணி அட்டையைப் படித்து, பாதி தப்பாக, என் பெயரைக் கத்தினார். நடுவில் நிற்கவே கூடாதென்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் நின்று, திரும்பி, “என்னம்மா?” என்றேன். அவர் சிரித்தபடி, ஓடு என்று கைகாட்டினார்.

தைலம் தீர்ந்துவிட்டது, ஒரு பாட்டில் அனுப்புங்கள். போனை எடுத்ததுமே “சாப்பிட்டியா?” என்று கேட்க வேண்டாம், முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்