ஈரத்தின் மேல் பூச்சு

செப்டம்பர் 22
அடையாறு அடுக்குமாடியில் புது வேலை. நான்தான் பொறுப்பு எஞ்சினியர். கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கழிவுநீர்த் தொட்டி. காலி செய்துவிட்டு உள்ளே இறங்கினேன். சாக்கடை வாயு அமிலமாகிக் கூரைக் கான்கிரீட்டைத் தின்றிருக்கிறது. விரலால் சுரண்டினால் ஈர மாவு மாதிரி உதிர்கிறது. இந்தக் கூரைதான் மேலே கார்களுக்குத் தரை. வாட்ச்மேன் வேம்பு அண்ணன் நாற்காலி போட்டு உட்காருவதும் அங்கேதான்.

செப்டம்பர் 30
உதிர்ந்ததைச் சுரண்டி, புதுக் கலவை அடைத்து, ஃபேன் வைத்து, ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. இனி எபாக்சிப் பிசின் பூசினால் அமிலம் அண்டாது. ஈரத்தின் மேல் மட்டும் பூசக்கூடாது; உரிந்துவிடும். நாளைக்கே தொடங்கலாம் என்றேன்.
"நாளைக்கு ஆயுத பூஜைம்மா. மறுநாள் விஜயதசமி, அன்னிக்கு ஆரம்பிச்சா அமோகமா இருக்கும்" என்றார் சங்கச் செயலாளர் சுப்பராயன் சார். ஒரு நாள்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

அக்டோபர் 1
எனக்கு அறிவு இருக்கா? ஆயுத பூஜைன்னா எல்லாரும் கார் கழுவுவாங்கன்னு தோணவே இல்லையே!
போய்ப் பார்த்தால் ஊரே குழாயும் வாளியுமாக நிற்கிறது. அவ்வளவு தண்ணீரும் தரை விரிசல் வழியாகத் தொட்டிக் கூரைக்குள். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே பொரிகடலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அழுகை வந்தது.

அக்டோபர் 2
மறுபடி காயவிட வேண்டும் என்று சுப்பராயன் சாரிடம் கெஞ்சினேன். "நல்ல நாள் தப்பிடும். துணியால துடைச்சிட்டு அடிங்கம்மா." முதலாளி நந்தகுமாருக்குப் போன் போட்டேன். "மழைக்குள்ள முடி டீனா. கஸ்டமர்கிட்ட மல்லுக்கு நிக்காத."
அடித்தாயிற்று. பளபளவென்று இருக்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 12
தொட்டிக்குள் மறுபடி கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள்.

நவம்பர் 19
விடாத மழை. மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கூரை முழுக்கக் கொப்புளம். குச்சியால் ஒன்றைக் குத்தினேன் — புளித்த நாற்றத்தோடு தண்ணீர் வழிந்தது, கூடவே அடைத்த கலவையும் கட்டியாக விழுந்தது. பின்னால் துருவேறிய கம்பி.
வேம்பு அண்ணனிடம் நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னேன். "இங்கதான் மேடம் காத்து வருது. இவ்ளோ கார் நிக்குது, நான் குந்துனா இன்னா ஆயிடும்?"

நவம்பர் 20
கார்களை எடுக்கச் சொன்னேன். "எங்க நிறுத்துறது, ரோட்டுலயா? பொங்கல் கழியட்டும்மா" என்கிறார் சுப்பராயன் சார். நான் கத்தினேன். கீழே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கயிறு கட்டித் தடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலமே அவிழ்த்துவிட்டார்களாம். முதலாளி என்னை வேளச்சேரி வேலைக்கு மாற்றிவிட்டார்.
இதற்கு மேல் நான் என்ன செய்ய? யாரிடம் போக?

ஜனவரி 9
ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தபோது தொட்டிக் கூரை உள்வாங்கிவிட்டது. ஓட்டியவர் தப்பித்தார். காரை கிரேன் வைத்துத் தூக்கிய பிறகுதான் வேம்பு அண்ணனை எடுக்க முடிந்தது.

ஜனவரி 10
அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேவானை என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"அந்த மேடம் சத்தம் போட்டுக்கினே கீதுன்னு அவரு சொன்னாரு. இன்னும் கொஞ்சம் சத்தமா போட்டிருக்கக் கூடாதாம்மா?"