அந்தக் கிழங்கைக் கடித்தது நீ

செடிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று என் மடியில் திறந்து கிடக்கிறது. ஆமாம், நானேதான் வாசிக்கிறேன். கூட்டாளி, நீ நெஞ்சுவலியில் செத்துப்போன பிறகு மருமகள் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. சைனிக்புரி பங்களாக்களில் தோட்டக்காரர்களாக நாம் முப்பது வருடம் தண்ணீர் ஊற்றிய நித்தியகல்யாணி, மடகாஸ்கர் என்ற தீவின் காட்டுச் செடியாம். செண்டுமல்லி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்ததாம். ஒவ்வொன்றையும் உன்னிடம் சொல்ல வாய் துடித்தது.

இன்று காலை புத்தகத்தில் செங்காந்தள் வந்தது. படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: மல்லாபூர்ப் பக்கம் பாறைப் புதரில் நாம் கண்டுபிடித்த அதே நெருப்புப் பூ. கீழே, கிழங்கு கொடிய விஷம், தின்றால் உயிர் போகும் என்று போட்டிருந்தது. நான்கு முறை எழுத்துக் கூட்டினேன். தப்பாகப் படிக்கவில்லை.

காட்டில் எதைத் தோண்டினாலும் ஓரத்தைக் கடித்துப் பார்ப்பது நம் வழக்கம். ஒரு முறை நீ, ஒரு முறை நான். அன்று என் முறை.

"நக்கோ ரே, வேணாம்டா, உனக்குப் பல்லு வலி. குடு இங்க," என்று பிடுங்கிக் கடித்தாய். "கசக்குதுடா, உன் பேச்சு மாதிரி!"

சாயங்காலமே வாந்தி. மூன்று நாள் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் மிளகாய் பஜ்ஜி தின்றதால்தான் என்று சொன்னோம். நான் போய் பஜ்ஜிக் கடைக்காரனின் சட்டையைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், நாம் தோண்டி வைத்திருந்த கிழங்கு முழுவதையும் நீயே வீட்டுக்கு எடுத்துப் போனாய். தோட்டத்தில் நடக் கேட்ட பங்களா அம்மாவுக்கு ஒன்றுகூடத் தரவில்லை. பேராசைக்காரன் என்று ஒரு மாதம் உன்னோடு நான் பேசவில்லை.

அந்தக் கிழங்கை நீ நட்டு வைத்த தொட்டி இன்னும் உன் வீட்டு பால்கனியில்தான் இருக்கிறது. உன் மனைவிக்குக் கண் மங்கல். சேப்பங்கிழங்கையும் அங்கேதான் கொட்டி வைப்பாள். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

"தங்கச்சி, அந்தச் செடிக் கிழங்க எடுத்தியா?" என்று வாசலிலேயே கத்தினேன்.

"ஐயோ அண்ணே, அத யாரு தொடுவா? ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னிக்கே அவரு சொல்லிட்டாரு, அதுதான் விஷம்னு. பூவு அழகா இருக்குன்னு தூக்கிப் போட மனசு வரல. தொட்டிக்கு மேல கம்பி வலை கட்டிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"'தன்னோட முறைக்கு நான் கடிச்சேன்னு நெனச்சு நெனச்சே அவன் செத்துடுவான், சொல்லாதே'ன்னாரு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் முகம் திருப்பிக்கொண்ட அந்த ஒரு மாதமும் நீ தினம் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு தின்றாய்.

என் முறைக்கு வந்திருக்க வேண்டிய பயத்தை இத்தனை வருடம் நீ வைத்திருந்தாய். இனி அது என்னிடம் இருக்கட்டும்.