ஹைதர் திருப்பிக் கொடுத்த வாள்

தண்டலம்,
ஆகஸ்ட் 1991

அண்ணா,

நேற்று உன் நாடகத்தைக் கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்தேன். புள்ளலூர்ப் போரில் ஹைதர் அலி வெள்ளைக்காரக் கும்பினிப் படையை நொறுக்கினார். வருஷாவருஷம் ஹைதர் வேஷத்தில் நீயும் அப்படித்தான் நடித்தாய். நேற்று தொழிற்சாலையின் வெள்ளைக்கார விருந்தாளி முன்வரிசையில் இருந்தார் என்பதற்காக, தோற்ற தளபதியிடம் வாளைத் திருப்பிக் கொடுத்துக் கட்டிப்பிடித்தாய்.

“இன்னாய்யா, நவாபு சம்பந்தி வூட்டுக்கு வந்துகீறாரா?” என்று கூட்டத்திலிருந்து பாஞ்சாலி அக்கா கத்த, ஊரே சிரித்தது. வெட்கமாக இல்லையா உனக்கு?

எதற்காகச் செய்தாய் என்று இன்று காலை தெரிந்தது. தொழிற்சாலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வேலை உத்தரவை நீட்டினார். “உங்க அண்ணன் நல்ல மனுஷம்பா. சொன்னா கேட்டுக்கறாரு.”

டிப்ளமா படித்தவன் நான். எனக்காக ஹைதர் யாரிடமும் குழைய வேண்டாம். உத்தரவை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் நீயே சொல். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தம்பி